உறவு முறை: அண்ணன்

வரிசையில் குறுக்கே புகுகிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. முப்பத்திரண்டு வருஷம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவதுதான் வேலை. இரண்டு நிமிஷம் தள்ளிப் போடச் சொல்லி டிரைவர்கள் டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டீயைக் குடித்துவிட்டுச் சரியான நேரத்தைத்தான் எழுதுவேன். அப்படிப்பட்டவன், சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு டோக்கன் வாங்க ஒரு மணி நேரமாகக் கால் கடுக்க நிற்கும்போது, தலையில் துண்டு கட்டிய ஒரு பெண்மணி எனக்கு முன்னால் கையை நீட்டினால் சும்மா இருப்பேனா? கத்திவிட்டேன்.

"இந்தாம்மா, நாங்கள்லாம் என்னா வேடிக்க பாக்கவா நிக்கறோம்? வியாதின்னா வரிச கெடையாதா?"

அங்கே நின்ற எல்லோருமே வியாதிக்காரர்கள், இல்லையென்றால் வியாதிக்காரர்களின் வீட்டு ஆட்கள். எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். அந்தம்மா மட்டும் முறைக்கவில்லை. கையிலிருந்த ஃபாரத்தைக் காட்டினார். "இது என்னுது இல்ல சார். அந்தா பெஞ்சுல உக்காந்திருக்காரே லால்பேட்டை பாய், அவுரோடது. அவுரால நிக்க முடியல." அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா கத்தறீங்க. எரக்கமே இல்ல. உங்கள மாதிரி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கேலி இல்லை. அங்கே கீமோ மருந்து ஏற்ற வேண்டுமென்றால் நோயாளியோடு துணைக்கு ஒரு ஆள் இருந்தாக வேண்டும். ஒரு தாளில் அந்த ஆளின் பெயர், ஃபோன் நம்பர், நோயாளிக்கு என்ன உறவு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் இல்லையென்றால் மருந்து இல்லை, வேறொரு தேதி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தம்மா கடலூரிலிருந்து ஒவ்வொரு தடவையும் தனியாக வருவாராம். வந்த இடத்தில் அடுத்த நோயாளியின் ஆள் யாரையாவது பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவாராம். போன தடவை போட்ட நெய்வேலி அம்மாள் பாதியில் அழ ஆரம்பித்துவிட்டதாம்.

"மருந்து எனக்கு ஏறுது, தண்ணி அவுங்க கண்ணுலேருந்து எறங்குது. நான் அவுங்கள பாத்துக்கறதா, என்னைய பாத்துக்கறதா?"

தாளை நீட்டினார். பெயரையும் நம்பரையும் எழுதினேன். 'உறவு முறை' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"அண்ணன்னு போடுங்க. கேக்க நல்லாருக்கும்."

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நிமிஷம் பொய்யாக எழுதாத கை. போட்டுவிட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. போட்ட பிறகு 'அந்தம்மா' என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கேயும் இனிமேல் 'அவள்' என்றே எழுதுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை. ஊரிலிருக்கிற எல்லார் பெயரையும் எழுதிக் கொடுத்தவள், தன் பெயரை யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் மட்டும் முகத்தைச் சுளிப்பாள்.

எழுதிக் கொடுத்தவள் என்றேன், அதுதான் அவள் தொழில். மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசுக்கு வெளியே மனு எழுதுவாள். பட்டா மாற்றம், விதவை உதவித்தொகை, தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான், எதுவானாலும் எழுதுவாள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் கூட்டம் ஜாஸ்தி. டாக்டர் திங்கட்கிழமை தேதி போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். "திங்கக்கெழம எனக்கு ஆபீஸ் சார். செவ்வா, வியாழன்ல போடுங்க. ஒடம்புக்குத்தான் சொகமில்ல, எனக்கு ஒண்ணும் இல்ல" என்பாள். டாக்டரும் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுப்பார். என் மனைவிக்கும் அதே தேதியே அமையும்.

தன் வியாதியைப் பற்றியும் மனு பாஷையில்தான் பேசுவாள். ஸ்கேன் எடுத்து வந்தால், "என்னா சொன்னாங்க?" என்று என் மனைவி பயந்து பயந்து கேட்பாள். "நெலுவையிலதான் இருக்கு. மூடவும் இல்ல, தள்ளுபடியும் ஆவல. மேல் நடவடிக்கைக்கு இருவத்தோரு நாள் கழிச்சி வரச் சொல்லியிருக்காங்க." எனக்குச் சிரிப்பு வரும். சிரிக்கக் கூடாது என்று அடக்குவேன். "சிரிங்கண்ணே, அதுக்குந்தான் கையெழுத்து வாங்குனேன்" என்பாள்.

அவளுக்கு இடது மார்பில் அறுவை ஆகியிருந்தது. அந்தக் கையில் ஊசி போடக் கூடாது. வலது கையில்தான் மருந்து ஏறும். நாலு மணி நேரம் எழுத முடியாது. மற்றவர்கள் என்றால் படுத்துத் தூங்குவார்கள். இவள் பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து என்னிடம் கொடுத்துவிடுவாள். "எழுதுங்கண்ணே. அனுப்புநர். ரெண்டு வெரல் எடம் உடுங்க. பெறுநர்." அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். ஒரு பக்கம் என் மனைவி, ஒரு பக்கம் இவள், நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். முதல் நாள் ஆத்திரமாகத்தான் வந்தது. என்ன இது, அறிமுகமே இல்லாத பொம்பளை என்னைக் குமாஸ்தா ஆக்கிவிட்டாளே என்று. மூன்றாவது தேதிக்கு வீட்டிலிருந்தே நல்ல பேனாவாக எடுத்துப் போனேன்.

அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிற யாருக்காவது ஏதாவது ஒரு மனு இருக்கத்தான் செய்யும். லால்பேட்டை பாய்க்கு அவர் தெருவில் குப்பை அள்ளவில்லை. கிள்ளை ஊர்க்காரர் ஒருவருக்கு ரேஷன் கார்டில் பெயர் தப்பு. மருந்து ஏறிக்கொண்டே எல்லோரும் குறை சொல்வார்கள், நான் எழுதுவேன். என்ன வியாதி, எத்தனையாவது கட்டம் என்ற பேச்சே அங்கே எழாது. சாகப் போகிறோமோ என்று பயந்துகொண்டிருந்தவர்கள், தெருவிளக்கு எரியாததற்குக் கோபப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

என் மனைவி வாய் திறந்து பேசாதவள். வியாதி வந்த பிறகு என்னிடம்கூடப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தால் சுவரையே பார்ப்பாள். அவளை நடக்க வைத்தவள் இவள்தான். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வர இரண்டு மணி நேரம் ஆகும். "வாங்க அண்ணி, இந்த நாத்தத்துல குந்தியிருந்தா நல்லாருக்கறவங்களுக்கே வாந்தி வரும்" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்விடுவாள். வராந்தாவை ஏழு சுற்று, எட்டுச் சுற்று. முடி போன என் மனைவிக்கும் தன்னைப்போலவே துண்டு கட்டிவிட்டாள். "பாருங்கண்ணே, எங்க காடாம்புலியூர் பக்கம் முந்திரிக்கொட்ட பொறுக்கற பொம்பளைங்க மாதிரி இருக்கோமா?" என் மனைவி சிரித்தாள். வியாதி வந்து ஏழு மாசம் கழித்து அன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்த்தேன். அந்த ஒரு காரியத்துக்கே இவளுக்கு நூறு பொய்க் கையெழுத்துப் போடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தடவை என்னை வசமாக மாட்டிவிட்டாள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் விரைவு வண்டிகள் ஆஸ்பத்திரிப் பக்கம் நிற்காது. இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். மருந்து ஏற்றிக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு அது பெரிய வாதை. "எழுதுங்கண்ணே. பொருள், நோயாளிகள் நலன் கருதிப் பேருந்து நிறுத்தம் கோருதல்."

"அம்மா தாயே, இது நான் சோறு தின்ன டிபார்ட்மென்டு."

"தின்ன சோறு செரிச்சிடுச்சி. எழுதுங்க."

எழுதினேன். எந்த வண்டி, எத்தனை மணி, நின்றால் எத்தனை நிமிஷம் போகும் என்று யாருக்கும் தெரியாத கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். அத்தனையும் அதில் வைத்தேன். பதில் வந்தது: தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. ஆறு மாசம் கழித்தும் அதே பதில். ஆனால் அதற்குள் கண்டக்டர்களுக்கெல்லாம் அவளைத் தெரிந்துவிட்டது. தலையில் துண்டோடு அவள் ரோட்டோரம் நின்றால் எந்த வண்டியும் பிரேக் போட்டது. அவள் பின்னால் நாங்கள் ஐந்தாறு பேர் ஏறிக்கொள்வோம்.

என் மனைவி ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு புதுப்பாளையத்து வீட்டில் நான் மட்டும்தான். டி.வி.யைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். மனு எழுதுகிறவள் ஃபோன் செய்தாள், எடுக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரி வாசலை இனி மிதிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கையெழுத்துக்கு வேறு யாராவது கிடைப்பார்கள், அவளுக்கா ஆள் கிடைக்காது?

ஒரு நாள் காலையில் கதவைத் தட்டினாள். துக்கம் கேட்பாள் என்று பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே உள்ளே வந்து மேஜைமேல் தாளைப் பரப்பினாள். "வாரிசு சான்றிதழுக்கு எழுதணும்ல. உக்காருங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

"அப்பறம் பாத்துக்கலாம்மா."

"அப்பறம்னா எப்ப? எழுதுங்க. காலஞ்சென்ற என் மனைவி."

அந்த வார்த்தையை அதுவரை நான் எழுதியதும் இல்லை, சொன்னதும் இல்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நான் எழுதி முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வியாழக்கெழம எனக்குத் தேதி. ஆறரை வண்டி. லேட்டா வந்தா உட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள். டைம் கீப்பரிடம் சொல்கிறாள்! ஆறு மணிக்கே போய் நின்றேன்.

அதற்கப்புறம் நாலு வருஷம் அவளோடு போய் வந்தேன். எனக்குச் சொந்தமான நோயாளி யாரும் இல்லை, துணை ஆள் மட்டும் நான். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு வருவாள். வீட்டில் சமைத்த எலுமிச்சம் சாதத்தை இரண்டாகப் பிரித்து எனக்குப் பெரிய பங்கைக் கொடுப்பாள். மாசத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, எனக்கு மனிதப் பேச்சு என்பது அதுதான். அவளுடைய தேதி எப்போது வரும் என்று நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அவளுக்கு வியாதி தீர்ந்துபோனால் நான் எங்கே போவேன் என்றுகூட ஒரு நாள் நினைத்திருக்கிறேன்.

தீரவில்லை. எலும்புக்குப் போனது. அப்போதும் திங்கட்கிழமை மனு எழுதப் போனாள். இடது கை வீங்கித் தூண் மாதிரி இருக்கும். அதைத் தாளின் மேல் வைத்து, "வெயிட்டுக்கு வெயிட்டு, தாளு பறக்காது" என்பாள். ஊசி போட நரம்பு கிடைக்காமல் போக ஆரம்பித்தது. ஒரு நாள் சிஸ்டர் நாலு இடத்தில் குத்திப் பார்த்தார். அவள் பாட்டுக்கு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கழிவுநீர் வாய்க்கால் தூர்ந்து போனதால், கழிவுநீர் வாய்க்கால் தூர்ந்து போனதால், கழிவுநீர் வாய்க்கால்..." மூன்று தடவை. குரல் ஆடவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்து ஊற்றியது.

"அதான் எழுதிட்டேன்ல, மேல சொல்லும்மா" என்று அதட்டினேன்.

"அப்பிடிக் கேளுங்க" என்றாள்.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டுவிட்டேன். நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை. "ஒனக்குன்னு யாருமே இல்லியாம்மா?" புருஷன் இல்லை, பிள்ளை இல்லை என்பது மட்டும் தெரியும்.

"இருக்காங்கண்ணே. கூப்ட்டா ஓடியாருவாங்க. வந்தா அழுவாங்க." டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள். "எனக்காக ஒருத்தர் அழுவறத பாத்துட்டன்னு வைங்க, அப்பறம் காலையில எழுந்து நடக்க எனக்குக் காலு வராது. நீங்க அழ மாட்டீங்க. அது போதும்."

அழாமல்தான் இருந்தேன். அவள் முன்னால் ஒரு நாளும் அழுததில்லை. அதைத்தானே அவள் என்னிடம் கேட்டாள்?

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் குடியிருந்த திருப்பாப்புலியூர் வீட்டு ஓனரம்மா ஃபோன் செய்தார். "அண்ணன்தான பேசறது? தங்கச்சி எழுந்திரிக்கலிங்க. கதவ ஒடச்சித்தான் பாத்தோம். நேத்துகூட ஆபீஸ் போயிட்டு வந்தாங்க."

எப்படிப் போனேன் என்று நினைவில்லை. வீட்டின் முன்னால் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் அவளிடம் மனு எழுதியவர்கள். ஓனரம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாக, "கோடி எடுத்தாந்தீங்களாண்ணே?" என்று கேட்டார். எங்கள் பக்கம் பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது வராமல் உடலை எடுக்க மாட்டார்கள். நான் என்ன சொல்வது? "இதோ" என்று சொல்லிவிட்டுக் கடைத் தெருவுக்கு நடந்தேன்.

ஜவுளிக் கடைப் பெண் யாருக்கு என்று கேட்டது. "தங்கச்சிக்கு" என்றேன். "அவுங்களுக்கு என்னா கலர் புடிக்கும்?" ஐந்து வருஷம் கூடவே போய் வந்திருக்கிறேன், என்ன நிறம் பிடிக்கும் என்று தெரியவில்லை. பச்சையில் ஒன்று எடுத்தேன்.

அவள் ஃபோனிலிருந்த நம்பர்களுக்கெல்லாம் யாரோ தகவல் சொல்லியிருந்தார்கள்போல, திரும்பி வந்தபோது வாசலில் சிதம்பரத்திலிருந்து வந்த கார் நின்றிருந்தது. உள்ளே ஒருவர் அவள் காலடியில் விழுந்து அழுதுகொண்டிருந்தார். அவளுடைய அதே மூக்கு. "பொறந்த வீட்டுக் கோடி வந்துடுச்சா?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். என் கால் ஓர் அடி முன்னே போய்விட்டது. அதற்குள் அவர் எழுந்து, மடிப்புக் கலையாத பட்டுச் சேலையை விரித்து அவள்மேல் போர்த்தினார். நான் என் பையைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் சுவரோரமாக வைத்தேன்.

எல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு அவர் ஒன்றும் புரியாமல் ஒரு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய ஆஸ்பத்திரி ஃபைல். ஒவ்வொருவரிடமாகக் காட்டி, "இது யாரு கையெழுத்துன்னு தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே என்னிடமும் வந்தார். "எல்லாத் தாள்லயும் அண்ணன்னு போட்டிருக்கான் ஒருத்தன். அண்ணன் நான் ஒருத்தன்தான். அவன் கையில கெடச்சா கால்ல உழுவேனா, செருப்பால அடிப்பேனான்னு தெரியல."

"என்னோடதுங்க" என்றேன்.

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் ஃபைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சிதம்பரத்துல கீழ வீதிலதாங்க என் வூடு. அந்த ஆஸ்பத்திரிக்கி டி.வி.எஸ்.ல போனா பத்து நிமிஷம். அஞ்சு வருஷமா வந்து போயிருக்கா, ஒரு வா தண்ணி குடிக்க வரலிங்க. பொங்கலுக்குப் பேசும்போதுகூட நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொன்னா." மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வலிக்குதுன்னு எப்பவாவது சொன்னாளா?"

"இல்லிங்க. ஒரு நாளும் சொன்னதில்ல."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சாமி காப்பாத்திச்சி. வலியில்லாம இருந்திருக்கா. வலிச்சா ஒங்ககிட்டயாவது சொல்லியிருப்பா, இல்ல?"

அவளுக்கு வலித்தது. எவ்வளவு வலித்தது என்று பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. கேட்க மாட்டான் என்றுதான் என்னை அண்ணனாக வைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க, சொல்லியிருப்பா" என்றேன்.

சுவரோரம் இருந்த சேலைப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும், இனி யாருக்காக அடக்க வேண்டும்? வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.